நான்கு மணித் தேநீரும் நகரத்து நாற்காலியும்

வெளியூர் காணச் செல்வோர்க்குக் காலை வேளையில் கவலை கிடையாது. காலில் வலு இருக்கிறது. பையில் பணம் இருக்கிறது. பார்க்க வேண்டியவற்றின் பட்டியலும் இருக்கிறது. பகலுணவும் எவ்வாறோ முடிந்துவிடுகிறது. பிற்பகல் நான்கு மணிக்குத்தான் சோதனை தொடங்கும். அருங்காட்சிச் சாலையின் நெடிய கூடங்களில் நடந்து பாதம் கனத்திருக்கும். குழந்தை அழத் தொடங்கும். உடன் வந்த முதியவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லார். ஆனால் அவர் கண்கள் வழியிலுள்ள திண்ணை, படிக்கட்டு, மரத்தடி ஒவ்வொன்றையும் அளந்துகொண்டே வரும். தங்கும் விடுதியோ தொலைவில் இருக்கிறது. அந்த நேரத்தில் நாம் தேடுவது தேநீர்தானா? தேநீர் தெருமுனையில் நின்றபடியே கிடைக்கும். நாம் தேடுவது நிழலில் ஒரு நாற்காலி. அதில் அரைமணி நேரம், யாரும் எழுப்பாமல், அமர்ந்திருக்கும் உரிமை. தேநீரின் விலை என்று நாம் கொடுப்பது பெரும்பாலும் அந்த நாற்காலிக்குரிய வாடகையே.

அந்த வாடகை சிலவிடத்து ஏன் மிகுந்தும், சிலவிடத்து ஏன் குறைந்தும் இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நம்மவர் பலர் பிழைப்பை நாடிச் சென்று குடியேறிய பம்பாய் மாநகரமே அதனைச் சொல்வதற்கு ஏற்ற இடம். 1995-ஆம் ஆண்டு முதல் அந்நகர் மும்பை எனப் பெயர் பெற்றிருப்பினும், பழங்கதை பேசும்போது பழம் பெயரையே வழங்குவோம்.

அந்நகரின் அப்பல்லோ துறைமுகக் கரையில் 1903-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தாஜ்மகால் ஓட்டல் திறக்கப்பட்டது. ஜாம்ஷெட்ஜி டாட்டா கட்டிய அந்த மாளிகையின் கடல்நோக்கிய கூடத்தில் அமர்ந்து பிற்பகல் தேநீர் அருந்துவது இன்றளவும் பம்பாய் வரும் செல்வர்க்கு ஒரு சடங்கு. ஐரோப்பியர்க்கென நடந்த வேறோர் ஓட்டலில் டாட்டாவை உள்ளே விடவில்லை என்றும், அந்தச் சினத்தாலேயே அவர் இதனைக் கட்டினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதற்குச் சான்று போதாது என்பர் வரலாற்றாசிரியர். எனினும் நாற்காலி மறுக்கப்பட்டவன் தனக்கென ஒரு மாளிகையே எழுப்பினான் என்பது கேட்க இனிய கதை. ஆகவே அது சாகாமல் வாழ்கிறது. ஆனால் மறுக்கப்பட்டவர் எல்லாரும் டாட்டாக்கள் அல்லரே! தாஜ்மகால் ஓட்டலிலிருந்து வடக்கு நோக்கி அரைமணி நேரம் நடந்தால் தோபி தலாவ் என்னும் இடம் வரும். அங்கே 1904-ஆம் ஆண்டில், முந்தியது திறந்து ஓராண்டுக்குள்ளாகவோ சற்றே பின்னரோ, கயானி அண்டு கம்பெனி என்னும் ஈரானியர் கடை தோன்றியது. ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்த இவ்விரண்டு தேநீர்களின் இடையே ஓடுவதுதான் நம் கதை.

முதலில் பிற்பகல் தேநீர் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் தேயிலை நெடுங்காலம் செல்வர் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளாக இருந்தது. அதன்மீது நூற்றுக்கு 119 என்ற விகிதத்தில் இருந்த வரி 1784-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பன்னிரண்டரையாகக் குறைந்த பின்னரே அது பொதுமக்கள் பக்கம் திரும்பியது. பகலுணவுக்கும் வெகுநேரம் கழித்து உண்ணும் இராவுணவுக்கும் இடையே பசி பொறாத பெட்போர்டு கோமகள் அன்னா என்பவர், 1840-ஆம் ஆண்டை ஒட்டித் தம் அறைக்குத் தேநீரும் ரொட்டியும் தருவித்து, பின்னர்த் தோழியரையும் அழைக்கலானார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. வரவேற்பறையின் தாழ்ந்த சிறு மேசைகளில் பரிமாறப்பட்டது அது. ஆலைத் தொழிலாளர் மாலையில் வீடு திரும்பி, உணவு மேசையில் இறைச்சியோடும் ரொட்டியோடும் வயிறார உண்டதற்கே 'ஹை டீ' என்று பெயர். இன்று நம் நாட்டு நட்சத்திர ஓட்டல்கள் கோமகளின் தேநீரைத் தொழிலாளியின் பெயரால் அழைத்து, கோமகளின் விலையையே வாங்குகின்றன. பெயரிலாவது ஏழைக்கு இடம் கிடைத்ததே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.

வீட்டுக்குள் இருந்த இந்த வழக்கத்தைத் தெருவிற்குக் கொண்டுவந்தது ஒரு ரொட்டிக் கம்பெனி. மாவைப் புளிக்க வைக்காமல் காற்றேற்றி ரொட்டி சுடும் முறையைக் கண்ட டாக்டர் டாக்லிஷ் என்பவர் நிறுவிய அக்கம்பெனி, 1864-ஆம் ஆண்டில் லண்டனில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. வாடிக்கையாளர்க்குத் தானே தேநீர் கொடுத்து வந்த ஒரு பெண் மேலாளரின் யோசனை அது என்பர். சாராயக் கடைக்குள் நுழைய விரும்பாத பெண்கள், ஆண்துணையின்றித் தனியே வந்து அமர்ந்து ஏதேனும் அருந்துவதற்கு அந்நகரில் அதுவரை தக்க இடமே இல்லை. கடைக்கு வந்தவள், அலுவலகம் சென்றவள், பின்னாளில் வாக்குரிமை கேட்டுப் போராடியவள் ஆகிய அனைவருக்கும் தேநீர்க் கடை ஒரு கூடமாயிற்று. 1894-இல் பிக்காடிலி வீதியில் லயன்ஸ் கம்பெனி வெண்மையும் பொன்னிறமுமாகத் தன் முதற் கடையை அமைத்தது. சில பத்தாண்டுகளில் அத்தகைய கடைகள் இருநூற்றுக்கு மேற்பட்டுப் பெருகின. அழகிய பீங்கான், தூய மேசை, சீருடைப் பணிப்பெண் எல்லாம் மாளிகையைப் போலவே. விலை மட்டும் குமாஸ்தாவின் சட்டைப்பைக்கு ஏற்றது.

அவ்விலை எப்படிக் கட்டுப்படியாயிற்று? ஒரு கோப்பையில் கிட்டும் ஆதாயம் மிகச் சிறிது, கோப்பைகளோ கோடிக்கணக்கானவை. ஓர் அடுமனையில் சுட்டு எல்லாக் கடைகளுக்கும் அனுப்பினர். நாளைக்கு எத்தனை ரொட்டி வேண்டும் என்ற கணக்கில் சிறிது பிழை நேர்ந்தாலும் ஆதாயம் கரைந்து போகும். அக்கணக்கைத் தீர்க்கவே லயன்ஸ் கம்பெனி 'லியோ' என்ற கணிப்பொறியைத் தானே செய்து, 1951-ஆம் ஆண்டு நவம்பரில் அடுமனைக் கணக்கை அதில் ஓட்டத் தொடங்கியது. வாணிபத்திற்கு அன்றாடம் பயன்பட்ட முதற் கணிப்பொறி அதுவே. போர்க்கருவிக்கும் விண்ணியலுக்கும் கணிப்பொறி செய்த உலகில், தேநீரும் ரொட்டியும் மலிவாக விற்பதற்காகவும் ஒன்று செய்தார்கள் என்பதை எண்ணினால் நமக்குச் சற்று மகிழ்ச்சியாகவே இருக்கிறது. மலிவுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அதில் மகிழ்வதற்கு ஒன்றும் இல்லை. 1839-இல் லண்டன் ஏலத்திற்கு அசாம் தேயிலை முதன்முதலாக வந்தது. 1867-க்குப் பின் இலங்கை மலைகளில் தேயிலை பரவிற்று. அங்கே கொழுந்து பறித்த விரல்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து சென்ற நம் மக்களின் விரல்கள். லண்டன் குமாஸ்தாவின் தேநீர் குறைந்த விலைக்குக் கிடைத்ததில் அவர்களுடைய குறைந்த கூலிக்கும் பங்குண்டு.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தேயிலையை விளைவித்த இந்தியா அதனைக் குடிக்கக் கற்றது மிகப் பிந்தியே. 1903-ஆம் ஆண்டு தேயிலைத் தீர்வைச் சட்டம் பிறந்தது. அத்தீர்வைப் பணத்தைக் கொண்டு தேநீரைப் பரப்பும் பணி தொடங்கியது. உலகச் சந்தையில் விலை வீழ்ந்த 1930-ஆம் ஆண்டுகளில் அம்முயற்சி தீவிரமாயிற்று. சந்தைகளில் வண்டி நிறுத்தித் தேநீர் கொடுத்தார்கள். காலணாப் பொட்டலம் விற்றார்கள். தேநீர் போடும் முறையைப் படத்தோடு பல மொழிகளில் எழுதி, ரயில் நிலையங்களில் பலகை மாட்டினார்கள். பாலும் சர்க்கரையும் அளவாகச் சேர்க்க வேண்டும் என்பது பலகையின் உபதேசம். நம் மக்களோ தூளைக் குறைத்து, பாலைக் கூட்டி, இஞ்சியும் ஏலமும் இட்டுத் தம் விருப்பம்போல் காய்ச்சினார்கள். பிரசாரகர்கள் முகம் சுளித்தார்கள், தேநீரோ பரவிற்று.

ஆனால் அமர்ந்து அருந்துவதற்கு இடம்? அதனைப் பம்பாய்க்கு அளித்தவர்கள் அந்நகரத்தவரும் அல்லர், இந்நாட்டினரும் அல்லர். பாரசீக நாட்டின் யஸ்து, கெர்மான் ஆகிய பகுதிகளில் சரதுஷ்டிர சமயத்தார் பல நூற்றாண்டுகளாக ஒடுக்கப்பட்டு வாழ்ந்தனர். அவர்களுடைய நிலையைக் கண்டுவர 1854-இல் பம்பாய்ப் பார்சிகள் மானெக்ஜி லிம்ஜி ஹடாரியா என்பவரை அனுப்பினர். அவரும் பிறரும் நெடுங்காலம் மன்றாடியதன் பயனாக, அம்மக்கள் தலைமீது விதித்திருந்த 'ஜசியா' வரி 1882-இல் நீங்கியது. வரி நீங்கினாலும் வறுமை நீங்கவில்லை. 1870-ஐ ஒட்டி அந்நாட்டில் கொடும் பஞ்சமும் தோன்றியது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவர்கள் அலையலையாகப் பம்பாய் வந்து சேர்ந்தனர். யஸ்துப் பகுதி முஸ்லிம்கள் சிலரும் வந்தனர். முன்னரே வந்து செழித்திருந்த பார்சிகளிடமிருந்து வேறுபடுத்த, பின்வந்த இவர்களை 'ஈரானி' என்று ஊர் அழைத்தது.

கையில் பெருமூலதனம் இல்லாத இவர்கள் தேநீர்க் கடையில் இறங்கினர். தெரு முனைகளிலுள்ள மனை வாணிபத்திற்கு ஆகாது என்று இந்து வணிகர் ஒதுக்கியமையால், அவை ஈரானியர்க்கு எளிதில் கிடைத்தன என்று சொல்வதுண்டு. உண்மை எதுவாயினும், முனைக் கடைக்கு இரு வீதியிலும் வாசல்; இரு பக்கமும் காற்று, வெளிச்சம். உள்ளே பளிங்குப் பலகை பதித்த மேசை, வளைமரத்தில் செய்த கறுத்த நாற்காலி, சுவரெங்கும் ஆளுயரக் கண்ணாடி, கண்ணாடிச் சாடிகளில் பிஸ்கோத்து, வாசலருகே கல்லாவில் உரிமையாளர். அவருக்குப் பின்னே சோப்பும் தீப்பெட்டியும் முட்டையும்கூட விற்பனைக்கு இருக்கும். தண்ணீர் குறைத்து வடித்த சிவந்த கடுந்தேநீருக்குப் 'பானி கம்' என்று பெயர். மேலே மொறமொறக்கும் 'புரூன்' ரொட்டியை அரிந்து வெண்ணெய் தடவித் தருவர். அதனைத் தேநீரில் தோய்த்து உண்ணுதல் அநாகரிகம் அன்று, அதுவே முறை.

விடியுமுன் திறந்து இரவு வெகுநேரம் வரை நடந்த இக்கடைகளுக்கு ஆலைத் தொழிலாளியும் வழக்கறிஞனும் துறைமுகக் கூலியும் கல்லூரி மாணவனும் வந்தனர். பெண்டிரும் குடும்பத்தினரும் அமர்வதற்கெனப் பல கடைகளில் தட்டி மறைத்த சிற்றறைகள் இருந்தன. லண்டன் தேநீர்க் கடை பெண்ணுக்குச் செய்ததை ஈரானியர் கடை தன்னால் இயன்ற அளவு இங்கே செய்தது எனலாம். இன்னது செய்யாதே, அன்னது செய்யாதே என்று வாடிக்கையாளரை எச்சரிக்கும் பலகைகளும் அங்கே புகழ்பெற்றவை. பம்பாய்க் கவிஞர் நிசிம் எசக்கியேல் அப்பலகைகளையே ஓர் ஆங்கிலக் கவிதையாக்கினார். நகைச்சுவைக்காக அதனை நினைவுகூர்வோர் பலர். தடைகள் அத்தனைக்கும் நடுவே, எச்சாதியாரும் வரலாம் என்ற வரவேற்பும் அக்கவிதையில் இருப்பதை நாம் மறக்கலாகாது.

அந்த வரவேற்பு அற்பமானதன்று. நம் சொந்த ஊர்களில் உணவுச்சாலை என்பது பசித்தவர் எல்லாரும் புகும் இடமாக இருக்கவில்லை என்பதை நாம் அறிவோம். பந்தியைச் சாதி பார்த்துப் பிரித்தார்கள். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் சிலருக்குத் தனிக் குவளை வைத்தார்கள். அக்கொடுமை இன்னமும் முற்றும் ஒழிந்தபாடில்லை. 1957-ஆம் ஆண்டில்கூடச் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுச்சாலையின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றுவதற்காகப் பெரியார் ஈ. வெ. ராமசாமியின் இயக்கத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை செல்ல வேண்டியிருந்தது. அத்தகைய ஊரைவிட்டுப் பம்பாய் வந்து இறங்கிய ஓர் இளைஞன், யாரும் தன் குலம் கேளாமல் முதன்முதலாக ஒரு பளிங்கு மேசையின் முன் அமர்ந்து, பிறர் குடித்த அதே கோப்பையில் தேநீர் குடித்த நாளை எண்ணிப் பாருங்கள். அவன் கொடுத்த காசு தேநீருக்கு உரியது; பெற்றது வேறு.

எல்லாத் தமிழரும் அங்கே சென்றனர் என்று சொல்வது உண்மையாகாது. முட்டையும் இறைச்சியும் புழங்கும் இடம் என்று விலகியவர் பலர். அவர்களுக்கு மாதுங்கா இருந்தது. தென்னாட்டார் பெருகி, 1932-இல் தமக்கெனக் கல்விச் சங்கமும் கண்ட அப்பகுதியில், 1942-ஆம் ஆண்டு மாதுங்கா ரயில் நிலையத்தருகே ராம நாயக் என்னும் கன்னடத்தார் உடுப்பி முறை உணவகத்தைத் தொடங்கினார். அதுபோன்றவை வேறு சிலவும் எழுந்தன. ஓர் அறையில் ஐந்தாறு பேராய்ப் பாய் விரித்து வாழ்ந்த நம் குமாஸ்தாக்களுக்கு அங்கே வாழையிலையும் டபராக் காப்பியும் கிடைத்தன. நகரத்தின் நாற்காலி ஈரானியிடம். ஊரின் நினைவு மாதுங்காவில். இரண்டையும் வைத்துக்கொண்டே பம்பாய்த் தமிழர் இரண்டு தலைமுறை வாழ்ந்தனர்.

காப்பியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். காப்பி விற்பனையைப் பெருக்க அமைந்த குழு 1936-இல் பம்பாய்ச் சர்ச்கேட்டில் ஓர் இந்தியா காப்பி ஹவுஸைத் திறந்தது. பின்னர் வந்த காப்பி வாரியம் பல நகரங்களில் அதனை விரித்தது. கல்கத்தாக் கல்லூரித் தெருவில் 1876-இல் நிறுவப்பட்ட ஆல்பர்ட் மண்டபத்திலும் 1942-இல் காப்பி ஹவுஸ் வந்தது. தேயிலை விளையும் வங்கத்தில் மாணவரும் எழுத்தாளரும் தென்னாட்டுக் காப்பியின் முன் அமர்ந்து மணிக்கணக்கில் வாதாடினர். ஒரு கோப்பைக்குப் பிற்பகல் முழுவதையும் செலவிடும் வாடிக்கையாளரை எந்த வாரியம் தாங்கும்? 1950-ஆம் ஆண்டுகளின் நடுவில் காப்பி ஹவுஸ்களை மூடிவிட முடிவாயிற்று. பணியாளர் தெருவில் நின்றனர். அப்போது பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன், கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்றார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் பணியாளர் கூட்டுறவுச் சங்கம் முதலாவதாக அமைந்தது. அக்டோபரில் டெல்லியில் அவர்களது கடை திறந்தது. 1958-இல் கல்லூரித் தெருக் கடையும் பணியாளர் கைக்கு வந்தது. முதலாளி ஆதாயம் இல்லாததால் விலை தாழ்ந்தே நின்றது. விசிறித் தலைப்பாகை அணிந்து தட்டேந்தி வருபவர் அக்கடையில் பங்காளியுமாவார் என்பதைப் பலர் அறியாமலே காப்பி குடித்துச் செல்கின்றனர்.

ஈரானியர் கடைகளுக்கோ வேறொரு தூண் இருந்தது. பம்பாயில் 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வாடகையை 1940-ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்தி வைத்தது. இடத்திற்கு வாடகை சொற்பம், குடும்பத்தாரே உழைப்பாளிகள், ஆகவே ஒரு தேநீருக்கு ஒரு மணி நேரம் அமர்ந்தவனை அவர்கள் எழுப்ப வேண்டியதில்லை. நம்முடைய மலிவான நாற்காலிக்கு உண்மையில் பணம் கொடுத்தவர் கட்டட உரிமையாளர் என்றுகூடச் சொல்லலாம். அவர் விரும்பிக் கொடுக்கவில்லை என்பது வேறு. காலப்போக்கில் நகரத்து மனையின் மதிப்பு வானளாவியது. கடையை நடத்துவதைவிடக் குடியுரிமையை விட்டுக்கொடுப்பதே இலாபமாயிற்று. பிள்ளைகள் படித்து வேறு தொழில்களுக்கும் வேறு நாடுகளுக்கும் சென்றனர். 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட, விடியற்காலை வாடிக்கையாளரும் மறைந்தனர். நூற்றுக்கணக்கில் இருந்த கடைகளில் இன்று எஞ்சியவை மிகச் சில. லண்டன் லயன்ஸ் கம்பெனிக்கு அதன் கணிப்பொறியும் துணை நிற்கவில்லை. அதன் கடைசித் தேநீர்க் கடை 1981-இல் மூடப்பட்டது. இன்றைய குளிரூட்டிய காப்பிக் கடைகளில் நாற்காலி மெத்தென்று இருக்கிறது. ஆனால் அதன் வாடகையைக் கோப்பையின் விலையிலேயே காணலாம்.

ஆதலின் பம்பாய் காணச் செல்லும் நேயர்கள், பிற்பகல் நான்கு மணியளவில் கால் ஓய்ந்த வேளையில், கடற்கரை மாளிகையை வெளியிலிருந்து கண்டு மகிழ்ந்துவிட்டுத் தோபி தலாவை நோக்கி நடக்கலாம். மெட்ரோ திரையரங்கிற்கு அருகில், சாலையைப் பார்த்தபடி கயானி இன்னமும் இருக்கிறது. இடம் நிறைந்திருந்தால் அறிமுகமற்றவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள நேரலாம். அதற்கு அங்கே யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் போதுமானவை. மாவா கேக்கும் அவ்விடத்தில் சிறப்புடையது. அதில் முட்டை உண்டு. உண்ணாதவர் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நலம்.